சாப்பிடாத பிள்ளையின் பன்னிரண்டரைக் கிலோ

உங்கள் பிள்ளையைப் பார்த்து ஒருவர், "என்ன வடிவான, கொழுகொழு பிள்ளை!" என்று சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே பதில்தான். "எங்க, ஒண்டும் சாப்பிடுறானில்லை." அது பொய் அல்ல. (சரி, பொய்தான்.) பிள்ளை நன்றாக இருக்கிறது என்று தாயே ஒப்புக்கொண்டால், கண்ணூறு போல நாவூறும் பட்டுவிடும். ஆகவே புகழ்ச்சி வந்து விழுமுன் தட்டிவிட வேண்டும். நான் விஞ்ஞானம் படித்த பட்டதாரி, நாவூறை நம்புவதில்லை. நம்பாமல் இருந்து பரீட்சித்துப் பார்க்கத் துணிவும் இல்லை.

இந்த நிலையில்தான், மகனுக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது, லென்கா வந்து சேர்ந்தாள். செக் நாட்டு மாணவி. போசாக்கைப் பற்றி ஆராய ஆறு மாதம் இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தவள். அவளுக்குத் தமிழ் பேசிப் பழக ஆள் வேண்டும். எனக்கு ஆங்கிலம் பேசிப் பழக ஆள் வேண்டும். மகன் கவின் பிறந்ததோடு விட்ட வேலைக்குத் திரும்ப ஆசை, நேர்முகத் தேர்வோ ஆங்கிலத்தில். சனிக்கிழமைகளில் துறைமுகத்துக்குப் பின்புறம் உள்ள எங்கள் வீட்டில் அரை மணித்தியாலம் தமிழ், அரை மணித்தியாலம் ஆங்கிலம் என்று ஒப்பந்தம்.

முதல் சனிக்கிழமையே கதவுக்குள் கால் வைத்ததும், "அக்கா! பிள்ளை மிகவும் அழகு! மிகவும் பெரியவர்!" என்றாள்.

"எங்க லென்கா, ஒண்டும் சாப்பிடுறானில்லை," என்றேன்.

ஆங்கில அரை மணியில் அதையே ஆங்கிலத்தில் புகழ்ந்தாள். நானும் ஆங்கிலத்தில் மறுத்தேன். எந்த மொழியில் வந்தாலும் நாவூறு நாவூறுதானே. அடுத்த கிழமை, "ரெண்டு நாளா ஒண்டும் இறங்கேல்லை." அதற்கடுத்த கிழமை, "மெலிஞ்சு போனான்." ஒவ்வொரு தடவையும் அவள் முகம் வாடியது. கொப்பியை எடுத்து ஏதோ எழுதினாள். புதுச் சொற்களை எழுதுகிறாள், என்ன அக்கறையான பிள்ளை என்று நான் பூரித்துப் போனேன்!

எட்டாவது கிழமை, பிள்ளைகளை நிறுக்கும் மாதாந்தக் கிளினிக், இரண்டு மாதமாக நான் போகாமல் விட்டது. யார் கண்ணும் படாமல் மகனைத் துணியால் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனால், தாய்மார் வரிசைக்கு முன்னால் மிட்வைஃப் மிஸ்ஸின் பக்கத்தில் லென்கா நிற்கிறாள், கையில் அதே கொப்பி.

"இஞ்ச வாங்கோ தங்கச்சி," என்றார் மிஸ். குரல் கனமாக இருந்தது. "வீட்டில ஏதும் பிரச்சினையோ? என்னட்டச் சொல்லுறதுக்கென்ன? வெளிநாட்டுப் பிள்ளை வந்து அழுதுகொண்டு சொல்லுது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லென்கா கொப்பியை விரித்து, தெளிவான தமிழில், எல்லோருக்கும் கேட்க வாசித்தாள்:

"முதல் சனி, ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் சனி, இரண்டு நாட்களாக ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றாம் சனி, மெலிந்துவிட்டார். கையில் ஒரு வாழைப்பழம் மட்டும்."

(மட்டுமாம்! அது அன்றைக்கு மூன்றாவது பழம்.)

இருபது தாய்மார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இரவும் பகலும் ஊட்டி ஊட்டி என் முதுகு வளைந்ததை யார் கண்டார்? மேசையில் எனக்கென்று சத்துமாப் பைக்கற்றுகள் வேறு அடுக்கியிருந்தன.

"நிறுப்பம்," என்றார் மிஸ்.

தராசில் தொங்கும் துணிக் காற்சட்டைக்குள் மகனின் தொடை இறங்க மறுத்தது. மிஸ்ஸும் நானும் சேர்ந்து திணித்தோம். முள் ஒரு சுற்றுச் சுற்றியது. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"பன்னிரண்டரைக் கிலோ! பதினொரு மாசத்தில! தங்கச்சி, இவருக்குச் சாப்பாட்டைக் குறைக்கவெல்லோ வேணும்!"

எதை எட்டுக் கிழமையாக மூடி மறைத்தேனோ, அது கிலோக் கணக்கில் ஊருக்கு அறிவிக்கப்பட்டது. "அம்மாடி, என்ன பிள்ளை!" என்று இருபது பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கைப்பிடி செத்தல் மிளகாயை உப்போடு மகனின் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டேன். (நம்புவதில்லை என்று சொன்னேன்தானே. சும்மா ஒரு பாதுகாப்புக்கு.)

அடுத்த சனிக்கிழமை கதவைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். அவளோ வாசலில் நின்று, "அக்கா, நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். நாவூறு, தாய்மார், வாழைப்பழம், என் மானம் எல்லாம் மூச்சுவிடாமல் வந்தன. அவள் வாய்பிளந்து கேட்டுவிட்டு, "அக்கா, உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது!" என்றாள்.

"எங்க, எனக்கு ஒண்டும் வராது," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் கை கொப்பிக்குப் போனது. என்னைப் பார்த்தாள். கொப்பியை மெதுவாக மூடிவிட்டு, "இதை நான் எழுதமாட்டேன்," என்றாள். கோபத்தை மறந்து இருவரும் கதவடியிலேயே இருந்து சிரித்தோம்.

அதற்காக நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் மகன் நாலாவது ரொட்டிக்குக் கை நீட்டினால் என் கணவர், "குடுமப்பா, பட்டினி கிடக்கிற பிள்ளை. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?" என்பார். கடையில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டில் என்று எங்கே போனாலும் இந்தக் கதைதான். விசாரணை இல்லாமல் தண்டனை!

லென்கா ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஆனாலும் மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பு எடுப்பாள். வருகிற ஞாயிறு மகனுக்கு மூன்று வயது, நிச்சயம் எடுப்பாள். திரையில் அவனைக் கண்டதும், "அக்கா, எவ்வளவு வளர்ந்துவிட்டான்! நன்றாகச் சாப்பிடுகிறானா?" என்பாள்.

ஓம் என்றால் நாவூறு. இல்லை என்றால் எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸின் தொலைபேசி இலக்கம் இன்னும் அவளிடம் இருக்கிறது. தாய்மாரே, அனுபவப்பட்டவர்களே, நான் என்ன சொல்லட்டும்? ஞாயிறுக்கு முன் எழுதி உதவுங்கள்.