பெர்மனென்ட்டா ஷிஃப்ட்

எங்கள் வீட்டில் காலிங் பெல் அடித்தால், பாதி சவரத்தில் இருந்தாலும் நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். இந்த ஓட்டத்துக்குக் காரணம் ஒரு ஓட்டு. அதை நான் போடவில்லை.

போன தேர்தல் என் மகள் யாழினிக்கு முதல் தேர்தல். கல்லூரியில் சேர்ந்த கையோடு போனிலேயே தன் பெயரைப் பதிந்துகொண்டவள், இரண்டு மாதமாக என்னை நச்சரித்தாள்.

“அப்பா, லிஸ்ட்ல உங்க பேரு இருக்கான்னு பாத்துடட்டுமா? ஒரு நிமிஷம்தான்.”

“என் பேரு இல்லாம லிஸ்ட்டா? அப்படியே இல்லாட்டிதான் என்ன? அங்கேயே ஒரு ஃபாரம் எழுதிக் குடுத்தா, அங்கேயே ஓட்டுப் போட விட்டுருவாங்க.”

(இதை ஏதோ ஒரு வெளிநாட்டைப் பற்றிய வீடியோவில் பார்த்திருந்தேன். எந்த நாடு என்று தெரிவதற்குள் கேண்டீனில் வடை வந்துவிட்டது.)

சுரங்கத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் இந்தத் தகவலை இலவசமாக வழங்கினேன். அவர்கள் புத்திசாலிகள். தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

தேர்தல் நாளன்று நானும் என் மனைவி சுமதியும் யாழினியும் இஸ்திரி போட்ட உடுப்பில், எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஓட்டுப் போட்டதும் கேட்டுக்கு வெளியே மூன்று மை விரல்களையும் சேர்த்து வைத்து ஒரு போட்டோ. முதல் ஓட்டுக்குப் பரிசாக யாழினி என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சுமதிக்கு டிக் அடித்தார்கள். யாழினிக்கு டிக் அடித்தார்கள். என் பெயருக்கு வந்ததும் அலுவலரின் விரல் நின்றது. பெயர் இருந்தது, படமும் இருந்தது. படத்தின் மேல் குறுக்கே ‘நீக்கம்’ என்று அடித்து, பக்கத்தில் ‘எஸ்’ என்று ஒரு எழுத்து.

“எஸ்ஸுன்னா என்ன சார்?”

“ஷிஃப்ட் சார். பெர்மனென்ட்டா ஷிஃப்ட்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஆமா சார், பெர்மனென்ட்தான்! ஷிஃப்ட்டுதான்! பதினெட்டு வருஷமா பெர்மனென்ட், பதினெட்டு வருஷமா ஷிஃப்ட். அதுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அலுவலர் வெளியூர் ஆசிரியர், சாதுவான மனிதர். “நீங்களே ஒத்துக்கிறீங்களே சார்” என்றார். “நிரந்தரமா வேற ஊருக்குக் குடி போயிட்டீங்கன்னு அர்த்தம்.”

“குடி போனவன் எப்படி சார் இங்க நிக்கிறேன்?”

மூன்று கட்சி ஏஜென்ட்டுகள் பெஞ்சில் இருந்தார்கள். மூவரும் என் செக்‌ஷன். கேண்டீன் டீயில் சர்க்கரை கூடவா குறையவா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள். அன்றைக்கு மூன்று பேரும் ஒரே குரலில், “இவரு இங்கதான் சார் இருக்காரு, எங்களுக்குத் தெரியும்” என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்கும் தெரியுது சார். லிஸ்ட்டுக்குத் தெரியலையே.”

இந்த இடத்தில்தான் என் வெளிநாட்டு அறிவை எடுத்து வைத்தேன். “ஃபாரம் குடுங்க. இப்பவே எழுதித் தரேன், இப்பவே ஓட்டுப் போடுறேன். கார்டு இருக்கு, ஆதார் இருக்கு, சாட்சிக்கு மூணு கட்சி இருக்கு. வேற என்ன வேணும்?”

“அந்த வழக்கம் நம்ம ஊர்ல இல்லீங்க. இனிமே எழுதிக் குடுத்தா அடுத்த தேர்தலுக்குத்தான்.”

ஏன் இல்லை என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். ஆள் இருக்கிறான், அட்டை இருக்கிறது, பட்டியல் ஒன்றுதான் தப்பு. தப்பைத் திருத்த அங்கேயே பேனாவும் இருக்கிறது. பிறகு எதற்கு ஒருவன் அடுத்த தேர்தல்வரை காத்துக் கிடக்க வேண்டும்? இன்றைக்கும் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்தது, தோளில் கை வைத்து வாசல்வரை கொண்டுவந்துவிட்ட ஒரு போலீஸ்காரர். (“வாங்க சார், வெயில்ல டென்ஷன் ஆவாதீங்க.”)

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சுமதியோடு யாழினி வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் மை வைத்த விரலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் கேட்டுக்கு அருகில் பட்டியலோடு உட்கார்ந்திருந்த மலர்க்கொடி கண்ணில் பட்டார். வீடு வீடாக வந்து பெயர் சரிபார்த்தவர் அவர்தான். அங்கன்வாடி டீச்சர், காடாம்புலியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அங்கே முந்திரித் தோப்புக்குப் போவார்கள், பலாத் தோப்புக்குப் போவார்கள், ஷிஃப்ட்டுக்குப் போகமாட்டார்கள். நேராகப் போய் நின்றேன்.

“யாரும்மா என்னை ஊரைவிட்டு அனுப்புனது?”

அவர் நோட்டைப் புரட்டினார். “நானா எழுதல சார். உங்க வூட்டம்மாதான் சொன்னாங்க. ‘சாரு இருக்காரா’ன்னு கேட்டேன். ‘ஷிஃப்ட் போயிட்டாரு’ன்னாங்க. வூடு மாத்திகினு போயிட்டாருபோலன்னு, ‘பெர்மனென்ட்டாங்களா’ன்னு திரும்பக் கேட்டேன். ‘ஆமா, பெர்மனென்ட்டு’ன்னாங்க. சிரிச்சிகினே வேற சொன்னாங்க.”

நான் சுமதி பக்கம் திரும்பினேன்.

“கான்ட்ராக்டா பெர்மனென்ட்டான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன்” என்றாள் சுமதி. “பெருமையாத்தான் சொன்னேன்.” பிறகு குரல் மாறியது. “அது சரி, ஷிஃப்ட்டுன்னு சொல்லச் சொன்னது யாரு?”

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போர்வைக்குள் இருந்தேன். காலை பதினோரு மணி. பெல் அடித்தது. யூனியன் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து, “ஷிஃப்ட் போயிட்டாருன்னு சொல்லி அனுப்பு” என்று உள்ளேயிருந்து உத்தரவு போட்டது நான்தான். வாசலில் அவள் ‘பெர்மனென்ட்’ என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. இனிமையாக இருந்தது. அந்தச் சுகத்தில் திரும்பிப் படுத்துத் தூங்கினேன்.

அதாவது, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் தேடிக்கொண்டிருந்த குற்றவாளி நானேதான். மலர்க்கொடியிடம் மன்னிப்புக் கேட்டேன். போட்டோவும் எடுத்தோம். அதில் இரண்டு விரலில் மை இருக்கிறது, நடுவில் ஒரு விரல் மொட்டையாக நிற்கிறது.

அடுத்த வாரமே ஃபாரம் எழுதிக் கொடுத்தேன். சரிபார்க்க மலர்க்கொடி வந்தபோது தலையில் சோப்பு நுரையோடு, இடுப்புத் துண்டோடு வாசலுக்குப் பாய்ந்து, “இருக்கேன்! இருக்கேன்!” என்று கத்தினேன். எதிர் குவார்ட்டர்ஸ்காரர்கள் இன்னும் என்னை அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

பெயர் மறுபடி ஏறிவிட்டது. ஆனால் அடுத்த சட்டமன்றத் தேர்தல் வருவதற்குள் எனக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பக்கத்தில் வடக்குத்து என்கிற ஊரில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். பால் காய்ச்சுகிற அன்றைக்கே முகவரி மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சுமதியின் கட்டளை.

போன வாரம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது யாழினி சொன்னாள்: “அந்த டீச்சர் தப்பா எழுதலப்பா. கொஞ்சம் முன்கூட்டியே எழுதிட்டாங்க.”