ஆணியில் மாட்ட வேண்டிய போட்டோ

ஷிம்லா,
தசராவுக்கு முந்தைய வாரம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் ஹீராமணி உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் தோழிகள் பனிதா, யாங்ஸோம் இருவரும் சுகம். அங்கே நீயும், முயல் மோத்தியும், காற்றடித்தால் பறக்கத் துடிக்கும் நம் கடைத் தார்ப்பாயும் சுகமாக இருக்க இடும்பி அம்மன் காப்பாளாக.

முதலில் என்னை மன்னித்துவிடு. படிக்கத் தெரியாத தாய்க்கு மகள் கடிதம் எழுதினால், பி.ஏ. தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் கடை வரிசை பேசும். டீக்கடைக்கு ஃபோன் செய்திருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ மூன்று தடவை "சாப்பிட்டியா?" என்று கேட்பாய்; நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது "பில்லு ஏறுது" என்று வைத்துவிடுவாய். எனக்கோ எதிரில் ஆள் இருந்தால் சொல்ல வேண்டியது தொண்டையிலேயே உட்கார்ந்துவிடும். அதனால்தான் காகிதம். டீக்கடை பிமலா அண்ணி உனக்கு இதை வாசித்துக் காட்டுவார். அண்ணி, உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுதியிருப்பதை மட்டும் வாசியுங்கள். போன மாதம் சித்தப்பாவின் கடிதத்தில் இல்லாத வியாதியையெல்லாம் சேர்த்து வாசித்து அம்மாவை ஒரு வாரம் விரதம் இருக்க வைத்தீர்கள். அவருக்கு வெறும் ஜலதோஷம்தான்.

விஷயம் இதுதான் அம்மா. நான் ஊர் திரும்புவதற்கு முன்பே தபாலில் உனக்கு ஒரு போட்டோ வந்துவிடும். நீ கேட்ட போட்டோதான். ஆனால் உறையைப் பிரித்ததும் நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக இந்தக் கடிதம் முந்திக்கொள்கிறது.

நீ கேட்டது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. கோயில் வாசலில் இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாடகைக்குக் கம்பளிப் பட்டூவைச் சுற்றி, ஊசி குத்தி, கையில் முயலைக் கொடுத்து, போட்டோவுக்கு நிறுத்துகிற நீ, பட்டச் சான்றிதழ் வாங்க நான் ஷிம்லாவுக்குப் புறப்பட்ட அன்று கடைக் கம்பத்தில் கண்ணாடிக்கும் அம்மன் படத்துக்கும் நடுவில் ஓர் ஆணி அடித்தாய். சுத்தியலைக் கீழே வைக்காமலே வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாய்: "எம் பொண்ணு ஷிம்லா பக்கம் குஃப்ரிக்கு டூரிஸ்டா போறா. அங்க ஒருத்தி இவளுக்குப் பட்டூ கட்டி விடுவா. கண்டவங்க முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு என் முதுகுதான் வளைஞ்சுபோச்சு. இவளாவது நிமிந்து நிக்கட்டும். அந்தப் போட்டோ இந்த ஆணில தொங்கட்டும்." பிறகு என் காதருகில் வந்து, "ஒரு ஊசியக்கூடத் தொடாத. அசையாம நில்லு, அவ்ளோதான்" என்றாய். அம்மன் வாசற்படியில் என் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாய்.

சத்தியத்தைக் காப்பாற்றத்தான் புறப்பட்டேன். இனிமேல் நாம் டெல்லிக்காரிகள், மலையையே பார்த்ததில்லை என்று பனிதா பஸ் கிளம்பும்போதே சட்டம் போட்டுவிட்டாள். ஜலோரிக் கணவாயில் சாப்பாட்டுக் கடைக்காரர் ஆவி பறக்கும் சித்தூவைத் தட்டில் வைத்து, "இது எங்க மலை ரொட்டி மேடம், உங்களுக்குப் பழக்கம் இருக்காது, கொஞ்சமா பிட்டுப் பாருங்க" என்றார். பல் முளைக்குமுன்பே அதைத் தின்று வளர்ந்த யாங்ஸோம் முழுத் தட்டையும் காலி செய்துவிட்டு, "ம், வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். நார்கண்டாவில், சொந்த வீட்டில் ஆப்பிள் பெட்டிகள்மேல் ஏறித்தான் கட்டிலுக்குப் போக வேண்டியிருக்கிற பனிதா, ரோட்டோரத்தில் நின்று ஆப்பிள் விலை கேட்டாள். ஏண்டி என்றால், "டூரிஸ்டுங்க வாங்குவாங்கடி" என்கிறாள். விலையைக் கேட்டதும் அவளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரர் மகள் விழித்துக்கொண்டாள். "இந்தப் பழத்தையா? எங்கப்பா இதை மாட்டுக்குத்தான் போடுவாரு!" கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "டெல்லியில மாடா மேடம்?" "மாடில கட்டியிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தாள். ஹாட்டூ சிகரத்துக்கு ஏறினோம். வழிகாட்டி வெள்ளை மேகத்துக்குள் விரலை நீட்டி, இது இந்த மலை, அது அந்த மலை என்று பெயர் சொல்லச் சொல்ல, நாங்களும் மேகத்தைப் பார்த்து ஆஹா என்றோம். நம் வீட்டில் துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் தினமும் இலவசமாக நிற்கிற மலைகள்தான்.

இப்போது குஃப்ரி. ஜீப்பை விட்டு இறங்குவதற்குள்ளேயே உடுப்புக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கூப்பாட்டைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தை உள்ளிருந்துதான் கேட்டிருக்கிறேன். கமலேஷ் என்கிற அக்கா எங்களைப் பிடித்துவிட்டாள்.

"வாங்க மேடம்! அசல் குல்லு டிரெஸ்! கட்டிப் பாத்தா கழட்ட மனசு வராது!"

"குல்லுவா? அது எங்க இருக்கு?" என்றாள், குல்லுவில் பிறந்த பனிதா.

"மணாலி பக்கம் மேடம். அந்த ஊருப் பொம்பளைங்க தூங்கறப்பக்கூட இதைத்தான் கட்டியிருப்பாங்க."

"ஊசி குத்தாதா?" என்று கவலையாகக் கேட்டாள் யாங்ஸோம்.

"பழகிடும் மேடம். மலை ஜனங்க, தோலு கெட்டி."

என்னைத்தான் அவள் முதலில் நிறுத்தினாள். நான் அசையாமல் நின்றேன் அம்மா. வலது தோளுக்கு வர வேண்டிய முனையை அவள் இடது கக்கத்தில் செருகினாள். நின்றேன். இரண்டு ஊசிக்கும் நடுவில் மாலைபோல வளைய வேண்டிய வெள்ளிச் சங்கிலி, மாட்டுக் கயிறுபோல ஒரு பக்கமாகத் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் கட்டியிருந்த யாக் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னை இரக்கத்தோடு பார்த்தது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கி "சிரிங்க" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் அசைவுக்கே பட்டூ மொத்தமும் அவிழ்ந்து கணுக்காலில் விழுந்தது. உள்ளே சுடிதாரும், நீ பின்னிய பச்சை ஸ்வெட்டரும் இருந்ததால் மானம் பிழைத்தது. (அண்ணி, இங்கே சிரித்தது போதும், மேலே வாசியுங்கள்.)

கமலேஷ் அக்காவையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கு உதவிக்கு வருகிறவள் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டாளாம். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் நிறைய வங்காளிகள், எல்லார் தலையிலும் குரங்குக் குல்லாயோடு வந்து இறங்கிவிட்டார்கள். என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவள் அந்தக் கூட்டத்தின் மூத்த அம்மாவுக்குக் கட்ட ஆரம்பித்தாள். நல்ல பருமனான அம்மா. இப்படிச் சுற்றினால் அந்தப் பக்கம் பற்றவில்லை, அப்படிச் சுற்றினால் இந்தப் பக்கம் பற்றவில்லை. அவருடைய தங்கை மகன் ஒருவன், "பெரியம்மாவுக்கு ரெண்டு பட்டூவச் சேத்துத் தச்சுக் குடுங்க!" என்று கத்த, பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "வேணாம்மா, விட்டுடு, எனக்கெதுக்கு இந்த வயசுல" என்று பட்டூவை உருவ ஆரம்பித்தார். குல்லாய்க்குள் கண் மட்டும் கலங்கியிருந்தது.

அம்மா, நான் சத்தியத்தை மீறினேன். நீ இருந்தாலும் மீறியிருப்பாய். "பட்டூ பத்தாதுன்னு எவளும் சொல்லக் கூடாது, அது நாம மடிக்கத் தெரியாத குத்தம்" என்று நீதானே ஒவ்வொரு சீசனிலும் கத்துவாய்? பின் மடிப்பைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தேன். பாரம் தோளெலும்பில் இறங்கும்படி ஊசியைக் கொஞ்சம் உள்தள்ளிக் குத்தினேன். சங்கிலியை வளைத்துவிட்டேன். இடுப்புக் கச்சையை உன்னைப்போலவே முழங்காலால் ஒரு முட்டு முட்டி இறுக்கினேன். அந்த அம்மா "ஐயோ!" என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். பார்த்தவர் குரங்குக் குல்லாயைக் கழற்றித் தங்கை மகன் கையில் திணித்துவிட்டு, தலைத்துண்டையும் கட்டச் சொன்னார். "என் கல்யாணத்துலகூட நான் இவ்ளோ நல்லா இல்ல" என்றார். கத்தியவன் குல்லாயைப் பிடித்தபடி நின்றான்.

அப்புறம் என்ன, பஸ் முழுவதும் என் முன்னால் வரிசை கட்டியது. யாங்ஸோம் பட்டூ எடுத்துக் கொடுக்க, பனிதா வரிசையை அதட்ட, நான் வெளிச்சம் மங்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தேன். கமலேஷ் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏம்மா டெல்லி மேடம், உங்க டெல்லியில எந்தக் காலேஜுல இதைச் சொல்லித் தராங்க?"

பனிதா பதில் சொல்ல வாயெடுத்தாள். கடையில் உப்பு விலை கேட்கக்கூட உன்னை அனுப்புகிற நான், அவளை முந்திக்கொண்டேன். ஊசி வாயில் இருந்தது; எடுத்துவிட்டுச் சொன்னேன். "டெல்லி இல்லக்கா. மணாலி. இடும்பி கோயில் வாசல்ல பட்டூ கட்டற சுக்ரி தேவி பொண்ணு நான்." குரல் என் குரல் மாதிரியே இல்லை. யாக் மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"அட கடவுளே! அப்புறம் ஏண்டி நான் கோணலாக் கட்டறப்பக் கல்லு மாதிரி நின்ன?"

"எங்கம்மா அசையாம நிக்கச் சொன்னாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் சவாரிக்கு நின்ற குதிரைகள் மிரண்டன. "பட்டூ கட்டறவ பொண்ணுகிட்டயே தோலு கெட்டின்னு சொல்லிட்டேனே" என்று என் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

கடைசியில் அந்த வங்காளத்து அம்மா, தன்னோடு நானும் நின்றே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போட்டோக்காரரின் புதுக் கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. பழைய கேமராவை எடுத்தார். நானும் நிமிர்ந்துதான் நின்றேன் அம்மா, நம்பு. அவர் பொத்தானை அழுத்துகிற நொடியில் அந்த அம்மாவின் தோள் ஊசி லேசாகச் சரிந்தது. கை சும்மா இருக்குமா? குனிந்துவிட்டேன். "ஃபிலிம் முடிஞ்சுது" என்றார் போட்டோக்காரர். ஆக, உனக்கு வரப்போகும் படத்தில் நடுவில் மகாராணி மாதிரி நிற்பவர் யாரென்று தேடாதே. அவர் நமக்குச் சொந்தமில்லை. அவருடைய கக்கத்துக்குக் கீழே தெரிகிற வளைந்த முதுகு என்னுடையது. பச்சை ஸ்வெட்டரை வைத்து அடையாளம் தெரிந்துகொள். நீ நிமிர்ந்து நிற்கச் சொன்னாய். நான் அச்சாக உன்னைப்போல நிற்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நீயும் படாதே.

பட்டச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. அதில் என் பெயருக்குக் கீழே, சுக்ரி தேவியின் மகள் என்று அச்சில் போட்டிருக்கிறது. (அண்ணி, இதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள், கொஞ்சம் உரக்க.) சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இனிமேல் எந்த ஊரையும் சுற்றிப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை, போட்டோ என்ற பேச்சே வேண்டாம்.

வரிசையில் உள்ள எல்லாருக்கும் என் வணக்கம். மோத்தியின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடு. உன் முதுகுக்கு எண்ணெய் தடவ மறக்காதே. அம்மன் உனக்குத் துணை.

உன் மகள்,
ஹீராமணி, பி.ஏ.

பி.கு.: மேலே எழுதியதில் கொஞ்சம் திருத்தம். தபாலில் இப்போதைக்கு எந்தப் போட்டோவும் வராது. சனிக்கிழமை நானும் வரவில்லை. நாங்கள் தங்கியிருக்கும் யாங்ஸோமின் சித்தி வீட்டிலேயே இன்னும் சில நாள் இருப்போம். மறுபடி குஃப்ரிக்குப் போனபோதுதான் தெரிந்தது: பழைய கேமராவில் ஃபிலிம் முடியவில்லை அம்மா, போட்டோக்காரர் தப்பாக எண்ணிவிட்டார், இன்னும் ஒரு படம் எடுக்க இடம் இருக்கிறது. அதை யாருக்கும் எடுக்கக் கூடாது, அதுவரை கழுவவும் கூடாது என்று கமலேஷ் அக்கா போட்டோக்காரரை மிரட்டிக் கேமராவைத் தன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். அப்படிச் செய்யச் சொல்லி நான்தான் அவளைக் கேட்டேன். ஊர் உலகத்துக்கெல்லாம் கட்டி விட்டாயே, நீ கட்டிக்கொண்டு ஒரு படத்தில் நின்றதுண்டா? தசராவுக்கு அம்மனோடு எப்படியும் குல்லுவுக்கு இறங்குவாய். முதல் நாள் தேரைப் பார்த்துவிட்டு ஷிம்லா பஸ்ஸில் ஏறிவிடு. கடையை யார் பார்ப்பது என்று ஆரம்பிக்காதே. அம்மனே கோயிலை விட்டுவிட்டு ஏழு நாள் ஊர் பார்க்கப் போகிறாள், நீ போகக் கூடாதா? மோத்தியை அண்ணி பார்த்துக்கொள்வார். (பார்த்துக்கொள்வீர்கள்தானே, அண்ணி?) பெட்டியின் அடியில் இருக்கிற, யாருக்கும் வாடகைக்கு விடாத அந்தச் சிவப்புக் கரைப் பட்டூவை எடுத்துக்கொண்டு வா. நான் கட்டி விடுகிறேன். ஒரு ஊசியைக்கூட நீ தொடக் கூடாது. அசையாமல் நில், அவ்வளவுதான்.