அம்பிகைக்குச் சில பார்சல்கள்

பையின் சிப் பாதியில் நின்றது. ஜெனீற்றா முழங்காலால் பையை அமத்திப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். அது நகரவில்லை. கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவள் பை அடுக்கத் தொடங்கி எட்டு நாளாகிவிட்டது.

ஐம்பத்துநான்கு வயதில் அவள் ஏறிய மிகப் பெரிய கலம், ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் படகுதான். இப்போது காங்கேசன்துறையில் கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்கி வேளாங்கண்ணிக்குப் போகப்போகிறாள். ஆஸ்பத்திரியில் அவளோடு கூட்டித் துடைக்கிறவர்களுக்கும், டாக்குத்தருக்கும், பஸ் கொண்டக்டருக்கும்கூட இது தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் மகன் அன்ரனிதாஸின் வள்ளம் எஞ்சின் பழுதாகி நான்கு நாள் கடலில் இழுபட்டது. அவன் உயிரோடு வந்தால் அவனுடைய உயரத்துக்கு மெழுகுதிரி செய்து மாதாவின் சந்நிதியில் கொளுத்துவேன் என்று அவள் நேர்ந்தாள். அவன் வந்தான். ஆறடி ஓரங்குலம். கொஞ்சம் கட்டையான பிள்ளையைப் பெற்றிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. திரியை வெயிலில் இளக்கி, கயிறு போலச் சுருட்டிப் பையின் அடியில் வைத்திருந்தாள்.

ஆளுக்கு ஒரு பை, பத்துக் கிலோ, கையில் வேறொன்றும் கூடாது. கப்பல்காரர் சொன்னது அவ்வளவுதான். மீறினால் ஏற்றமாட்டார்களாம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு றோஸ் சீலையில் தைத்து மூடிய ஒரு பார்சலோடு வந்தாள்.

"அக்கா, நாகபட்டினத்தில எங்கட அம்பிகை இருக்கிறா. எங்கட சுருவில் ஊர் ஆள், சின்னனில போனவ. இந்தச் சேலையையும் செருப்பையும் அவவிட்டைக் குடுத்துவிடுவியளே? கப்பலடிக்கே வந்து நிப்பா."

ஜெனீற்றாவுக்கு ஏலாது என்று சொல்லத் தெரியாது. ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்கிற பெண் அவள். ஆனால் அவளுக்கு யாராவது இரண்டு மீன் கொடுத்தனுப்பினால், அந்தச் சட்டி நாலு முட்டையோடு அன்றைக்கே திரும்பிப் போகும்.

பார்சலை வாங்கிக்கொண்டாள். மாற்றுச் சேலையும் நல்ல செருப்பும் பையிலிருந்து வெளியே வந்தன. மூன்று நாளைக்கு ஒரு சேலை போதும், இரவில் தோய்த்துப் போட்டால் விடியக் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

அடுத்த நாள் காலை ஒழுங்கை முகப்பில் தோட்டம் செய்யும் மனோகரி வந்தாள். படுக்கை விரிப்பும் துவாயும். அதே அம்பிகைக்குத்தான். ஜெனீற்றா தன் விரிப்பையும் துவாயையும் அலுமாரிக்குள் திருப்பி வைத்தாள். மத்தியானம் கடைக்கார வைத்திலிங்கம் சவுக்காரம், நல்லெண்ணெய், சித்தாலேப்பைத் தைலம் என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அம்பிகைக்கு முழங்கால் நோவாம். ஜெனீற்றாவுக்கும் முழங்கால் நோவுதான். தன் தைலப் போத்தலை எடுத்து வெளியே வைத்தாள்.

"அந்தப் பெட்டைக்கு நாகபட்டினத்தில ஒரு கடையும் இல்லையோ?" என்று மகனிடம் கேட்டாள்.

அன்ரனிதாஸுக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே முற்றத்துக்குப் போய்விட்டான்.

நிறை பார்க்கவேண்டுமே. மீன் வாங்கும் யாக்கோப்பின் கடற்கரை வாடிக்குத் தாயும் மகனும் பையைக் கொண்டுபோனார்கள். தராசில் தொங்கவிட்டபோது சரியாக எட்டுக் கிலோ. ஜெனீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். யாக்கோப்பு உள்ளே போய் ஒரு பார்சலோடு வந்தான். பனங்கட்டியும் பருத்தித்துறை வடையும், இரண்டு கிலோ, அம்பிகைக்கு. அதையும் வைத்தார்கள். முள் பத்தில் வந்து நின்றது.

யாக்கோப்பு தலையைச் சொறிந்தான். பையைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீங்கள் மாதாவிட்டைப் போறியள். பொய் சொல்லக்கூடாது. இது மீன் வாங்கிற தராசு."

"அதுக்கென்ன?"

"ஒரு ஒண்டரைக் கிலோ குறைச்சுத்தான் காட்டும்."

ஆறு வருடமாக அந்தத் தராசில் மீன் நிறுத்து விற்ற அன்ரனிதாஸ் பக்கத்திலேயே நின்றான். மறுநாள் காலையில் தராசு திருத்தப்பட்டிருந்தது. வேளாங்கண்ணி மாதா செய்த முதல் புதுமை அதுதான் என்று அவன் பிறகு எல்லோருக்கும் சொன்னான்.

ஆனால் ஒன்றரைக் கிலோ குறைய வேண்டும். ஜெனீற்றா தன் பிஸ்கற்றை எடுத்தாள், உள்பாவாடையை எடுத்தாள், செபப்புத்தகத்தைக்கூட எடுத்தாள். திருத்திய தராசில் இன்னும் முக்கால் கிலோ கூடுதலாக இருந்தது. பையில் அவளுடையது என்று மிஞ்சியது மெழுகுதிரி மட்டும்.

அன்று பின்னேரம் பையின் முன்னால் முழங்காலில் இருந்தாள். நேர்த்தியை விட்டுவிட்டு மாதாவிடம் வெறுங்கையோடு போக ஏலாது. தெரியாத ஒருத்தி கப்பலடியில் காத்து நிற்க, அயலவர் ஆசையோடு தந்ததை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் ஏலாது. பார்சல்களைத் தொட்டுப் பார்த்தாள். திரியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, திரியை வெளியே எடுத்து நீட்டி, ஒரு மூங்கிலோடு சேர்த்துத் துணியால் சுற்றிக் கட்டினாள். மகனைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தாள். சரியாக இருந்தது.

துறைமுகத்தில் பை பத்துக் கிலோ காட்டியது. அதிகாரி நிமிர்ந்தார். அவள் கையில் அவளைவிட உயரமான ஒரு தடி.

"அம்மா, இதென்ன?"

"என்ர மகன்ர உயரம்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் வள்ளத்தையும், நான்கு நாளையும், நேர்த்தியையும் முழுதாகச் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. இதை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் தானும் போகப்போவதில்லை என்று மெல்லிய குரலில் சொல்லி முடித்தாள். அதிகாரி துணியை விலக்கி மெழுகைப் பார்த்தார். பிறகு பக்குவமாக மூடினார்.

"கைத்தடிக்கு நாங்கள் நிறை பாக்கிறேல்லை. வயதுபோன ஆக்கள் கொண்டுபோகலாம்."

காலையிலிருந்து குமரி போலத் துள்ளித் திரிந்த ஜெனீற்றா அந்த இடத்திலேயே கூனினாள். நொண்டி நொண்டிக் கப்பலில் ஏறினாள். உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்தாள்.

கப்பல் ஆடியதில் பலர் சத்தி எடுத்தார்கள். அவள் யன்னலோரம் நின்று, பறவைக்குஞ்சு போலத் தண்ணீருக்கு மேல் எழும்பி விழும் மீன்களைப் பார்த்துச் சிரித்தாள். பையில் தனக்கென்று முகம் துடைக்க ஒரு கைலேஞ்சிகூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஏனோ அது அவளுக்கு இன்னும் சந்தோசமாக இருந்தது.

நாகபட்டினத் துறைமுக வாசலில் "அம்பிகை" என்று மட்டையில் எழுதிப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இராது. ஜெனீற்றா அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சுருவிலில் எல்லோரும் சுகம் என்றாள். பையைத் திறந்து பார்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் அடுக்கினாள்.

"ஒண்டும் நசியேல்லை, பிள்ளை. எண்ணிப் பாரும்."

அம்பிகை எண்ணவில்லை. பார்சல்களை அதே ஒழுங்கில் பைக்குள் திருப்பி வைத்து, சிப்பையும் இழுத்து மூடினாள்.

"அம்மா, வேளாங்கண்ணியில நீங்க தங்கப்போற விடுதியில வேலை பாக்குற பொண்ணு நான், சுருவில் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது, 'ஜெனீற்றா அக்கா யார்கிட்டயும் எதையும் வாங்க மாட்டாங்க, அதனால அவங்களுக்கு வேண்டிய சேலை, விரிப்பு, பலகாரம் எல்லாத்தையும் அவங்க தலையிலேயே கட்டி அனுப்புறோம், வாங்கி அவங்ககிட்டயே குடுத்துடு'ன்னு உங்க பக்கத்து வீட்டு ரோஸம்மா போன்ல சொன்னாங்க."