பன்றியக்காவின் முறை

ஆப்பிரிக்காவிலே, புல் ஆளுயரம் வளரும் ஒரு காட்டில், மிருகங்களுக்குள் நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. நம் ஊரில் மொய் வைப்போமே, அது மாதிரி. ஆனால் காசு கிடையாது, உழைப்புதான். இன்றைக்கு எல்லோரும் சேர்ந்து முள்ளம்பன்றிக்கு வளை வெட்டுவார்கள், நாளைக்கு முயலுக்கு. யாருக்கு வளையோ அவர் வீட்டில் கிழங்குக் கூழ்.

அந்த வருஷம் கடைசி முறை காட்டுப்பன்றி அக்காவுக்கு. அவளுடைய பழைய வளை இடிந்து கிடந்தது. காலைச் சுற்றிக் குட்டிகள் வேறு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூழைக் காய்ச்சி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒருத்தரும் வரவில்லை.

பட்டணத்திலிருந்து ஒரு நாரை வந்து மேட்டின்மேல் கூடாரம் போட்டிருந்தது. ‘ஒருவருக்கொருவர் உதவி வாழ்வது எப்படி?’ என்று பயிற்சி. மத்தியானச் சாப்பாடு, ஆளுக்கொரு தொப்பி.

“ஐயா, அதைத்தானே நாங்க தினமும் செய்யறோம்?” என்றது எறும்புதின்னி.

“செய்யறீங்க. ஆனா தெரியாம செய்யறீங்க” என்றது நாரை.

அதுவும் சரிதானே என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா தேடிக்கொண்டு வந்தாள். “ஏ முள்ளம்பன்றி, உன் வளையைத் தோண்டின என் மூக்கு இன்னும் ஆறலை. என் முறை என்னாச்சு?”

“கோவிச்சுக்காதேக்கா. பாடம் முடியட்டும், இனிமே முறைப்படி வெட்டுவோம். பலகையில உன் புது வளையைத்தான் படமாப் போட்டிருக்கு. என்ன லட்சணம் பாரு!”

“படத்துக்குள்ள என் குட்டி படுக்குமா?”

நாரை ‘உஷ்’ என்றது. ஒலிபெருக்கியில் ஒற்றுமைப் பாட்டு ஆரம்பமாகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. பள்ளமெல்லாம் தண்ணீர். அக்கா குட்டிகளை ஓட்டிக்கொண்டு நேராகக் கூடாரத்துக்குள் புகுந்தாள்.

“பேர் கொடுக்காதவங்க உள்ளே வரக் கூடாது” என்றது நாரை.

நனைந்த குட்டி ஒன்று தும்மியது. எறும்புதின்னி தன் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் கவிழ்த்தது. “இப்போ காட்டிலேயே காஞ்ச இடம் இதுதான்” என்று சொல்லி, நாரையின் மேசைக்கடியிலேயே நகத்தை ஊன்றியது. மற்றவர்களும் குனிந்து தோண்டினார்கள். பலகை சாய்ந்தது, மேசை கவிழ்ந்தது. நாரை ஒற்றைக் காலில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. பாட்டு முடிகிற நேரத்தில் வளை தயார். குட்டிகள் உள்ளே போய்ச் சுருண்டுகொண்டன.

நாரை கொஞ்சம் யோசித்தது. பிறகு போனை எடுத்துப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பியது: ‘ஒரே பயிற்சியில் காடு திருந்தியது.’

அக்காவின் கூழ் மழையோடு போயிருந்தது. வழக்கம் கெடக் கூடாதே என்று, நாரையின் மத்தியானச் சாப்பாட்டை எடுத்து அவளே எல்லோருக்கும் பரிமாறினாள். நாரைக்கும்தான்.

நீதி: ஒற்றுமையே பலம். அதை யாராவது சொல்லிக்கொடுக்க வந்தால் மறுக்காமல் போங்கள். அவர்கள் கூடாரம் எப்போதும் மேட்டில்தான் இருக்கும்.