முன்பின் தெரியாதவர்

“இல்ல” என்றார் எபேலி.

வசிதி பேனாவைக் காகிதத்தில் வைக்கவில்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஐயா. போன ஒரு மாசத்துல முன்பின் தெரியாத யாருக்காவது உதவி செஞ்சீங்களா?”

“நல்லாத்தான் யோசிச்சேன். இல்ல.”

அவருக்குப் பின்னால் கொடியில் ஏகப்பட்ட ஆண்களின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டில் இருந்த ஆண் அவர் ஒருவர்தான்.

“இதெல்லாம் யாரோட சட்டை?”

“அதுவா? எஞ்சின் நின்னுபோய் ஒரு படகு கரை ஒதுங்குச்சு. பாவம், நாலு பசங்க. ரெண்டு வாரமா இங்கதான் கிடக்குறானுங்க. சாப்பாடு, படுக்கை எல்லாம் நம்ம வீடுதான்.”

வசிதிக்கு உயிர் வந்தது. “அதுதான் ஐயா உதவி! அவங்கள உங்களுக்கு முன்பின் தெரியாதுல்ல?”

எபேலி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “தெரியாம எப்படிப் போகும்? இறங்கும்போதே கடாவுத் தீவுன்னு சொல்லிட்டானுங்க. கடாவுக்காரனும் நாங்களும் கேலி பண்ணிக்கிற முறைச் சொந்தம். எங்க கோழிய அடிச்சுத் தின்னாக்கூட நான் ஏன்னு கேக்க முடியாது.” சற்று நிறுத்தினார். “தின்னுட்டானுங்க.”

வசிதி ‘இல்லை’ கட்டத்தில் கோடு போட்டாள்.

காலையிலிருந்து எல்லா வீட்டிலும் இதே கோடுதான். எங்கோ வெளிநாட்டில் ஓர் அறக்கட்டளை, எந்த நாட்டு மக்கள் எவ்வளவு உதவுகிறார்கள் என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறது. போன ஆண்டு ஃபிஜிக்குக் கடைசி இடம். “சண்டை நடக்குற நாடெல்லாம் நமக்கு மேல இருக்கு, வசிதி” என்று மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். யாரோ தன் அம்மாவைக் கஞ்சப் பிசினாறி என்று தெருவில் நின்று கத்தியதுபோல் இருந்தது அவளுக்கு. இந்த முறை கணக்கெடுப்பில் இதுதான் கடைசிக் கிராமம். இங்கே ஒரே ஒரு ‘ஆம்’ கிடைத்தாலும் கடைசிக்கு முந்தின இடமாவது தேறும்.

ஆனால் ஆரம்பமே சரியில்லை. படகிலிருந்து இறங்கும்போதே இடறித் தண்ணீரில் விழுந்தாள். யாரோ ஒரு பெண் இடுப்பளவு நீரில் வந்து அவளைத் தூக்கிவிட்டு, காகிதங்கள் இருந்த பையைத் தலையில் சுமந்து, இடுப்பில் கட்டிக்கொள்ள உலர்ந்த சுலுத் துணி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். வசிதி அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நனைந்த காகிதங்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

பலாமர நிழலில் யெஸ்பர் உட்கார்ந்திருந்தான். அறக்கட்டளை அனுப்பிய மேற்பார்வையாளன். டென்மார்க்காரன். மூக்கு தக்காளியாகப் பழுத்திருந்தது. அவனைப் பார்த்ததும் வசிதிக்கு ஒரு யோசனை வந்தது. இவனைவிட அந்நியன் இந்தத் தீவில் யார்?

“யெஸ்பர், வழி தவறினவர் மாதிரி ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.”

“விதியில அதுக்கு இடம் இருக்கா?”

“நடக்கக் கூடாதுன்னு விதி இல்லையே.”

யெஸ்பர் போனான். வெகுநேரம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது பூப்போட்ட சட்டை, இடுப்பில் சுலு, கையில் பாதி கடித்த மரவள்ளிக்கிழங்கு. காலில் ஷூ இல்லை.

“ஷூ எங்க?”

“எபேலியோட மருமகன் நல்லா இருக்குன்னான். சொந்தக்காரன் கேட்டா குடுத்துடணுமாமே?”

“யாரு சொந்தக்காரன்?”

“போதகர் மனைவியோட தம்பி சினாய் பாலைவனத்துல அமைதிப்படையில இருந்தாராம். அங்க ஒரு டென்மார்க்காரனும் அவரும் ஒரே தட்டுல சாப்பிட்டாங்களாம். அப்ப நானும் தம்பிதானே?” கிழங்கை இன்னொரு கடி கடித்தான். “எனக்கு அக்காவே கிடையாது, வசிதி. இப்ப இருக்காங்க.”

வசிதி விடவில்லை. நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள்.

“அவருக்குச் சாப்பாடு போட்டீங்கல்ல? முதல்ல பாத்தப்ப யாருன்னு தெரியாதுதானே?”

“தெரியாது” என்றாள் போதகர் மனைவி.

“அப்போ...”

“அப்போ சாப்பாடு போடலையே! எந்த ஊருன்னு கேட்டேன். சொன்னான். அப்புறம்தான் போட்டேன்.” அந்த அம்மாள் ஒரு தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். “அது கிடக்கட்டும். நீ எந்த ஊரும்மா? சாப்பிடு.”

“சுவாவுலேர்ந்து வரேன். சாப்பாடு வேண்டாங்க.”

“சுவா வேலைக்குப் போற இடம். உன் ஊரு எது? யார் வீட்டுப் பொண்ணு?”

“அலுவலகத்துலேர்ந்து வந்திருக்கேன்” என்று சிரித்துச் சமாளித்தாள். கேள்வி கேட்பவர் தன் ஊர், உறவு எதையும் சொல்லக் கூடாது, எதையும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்று கைப்புத்தகம் கறாராகச் சொல்லியிருந்தது. ‘ஊருக்குள்ள போனதும் முதல்ல இத வெச்சு, யாரு எவருன்னு சொல்லிக்கோ’ என்று அம்மா காணிக்கையாகக் கட்டிக் கொடுத்த யங்கோனா வேர், அவள் பையின் அடியில் கிடந்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். பேனா ‘ஆம்’ கட்டத்துக்கு மேலே தயங்கி நின்றது. ஒரு கோடுதான். யாருக்குத் தெரியப்போகிறது?

சுவாவில் அவள் குடியிருப்பில் மாடிவீட்டுக்காரர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. போன வாரம் பேருந்தில் யாரோ ஒரு பெண்ணுக்குச் சில்லறை கொடுத்தாள். அந்த முகம் இப்போது நினைவில்லை. தன்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் ‘ஆம்’ என்று பட்டென்று சொல்லியிருப்பாள். தெரு முழுக்கத் தெரியாதவர்களாக இருந்தால் இதில் ஜெயிப்பது எவ்வளவு சுலபம்! பேனாவை மூடினாள்.

கரையிலிருந்து படகுக்காரன் கூவினான். “தண்ணி வத்துது! சீக்கிரம் வாங்க!”

கடைசி வீட்டில் அலுமிதா வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வசிதி நம்பிக்கையே இல்லாமல், பார்வையைக் காகிதத்திலேயே வைத்துக்கொண்டு கேள்வியை ஒப்பித்தாள். கை தானாகவே ‘இல்லை’ கட்டத்துக்குப் போயிற்று.

“செஞ்சேன்” என்றாள் அலுமிதா.

“என்னது?”

“உதவி செஞ்சேன்.”

“முன்பின் தெரியாதவங்களுக்கா? ஊரு, உறவு எதுவும் தெரியாம?”

“எதுவும் தெரியாது. இப்பவும் தெரியாது.”

வசிதிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ‘ஆம்’ கட்டத்தில் அழுத்திக் கோடு போட்டாள். நாடு பிழைத்தது! ‘யாருக்கு’ என்று கேட்பது கைப்புத்தகப்படி தவறு. வேலிக்கு அப்பாலிருந்து யெஸ்பரும் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஆனாலும் அவளால் அடக்க முடியவில்லை.

“யாருக்குங்க?”

அலுமிதா துருவுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“என் சுலுவக் கட்டிக்கிட்டு நின்னு யாருக்குன்னா கேக்குற? காலையிலேர்ந்து ஊரே கேக்குதேம்மா, நீ யாருன்னு!”