ஜன்னலுக்கு அடித்த சாக்கு

“அண்ணே, ஜீப்புலயிருந்தும் பதிலுக்கு லைட்டு அடிக்கிறாங்களாம்!”

லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சுஜீதா வாசலில் நின்று இதைச் சொன்னபோது, ஐயாவு வாயிலிருந்த ரொட்டியை மெல்ல மறந்துபோனான்.

“எந்த ஜீப்பு?”

“பொலிஸ் ஜீப்புதான். ராத்திரியில கீழ் ரோட்டுப் பாலத்துக்கிட்ட வந்து நிக்குதில்ல? உங்க வீட்டு லைட்டு பத்தி அணைஞ்சா, அங்கயும் ஒன்னு பத்தி அணையுதாம். வாச்சர் மாமா கண்ணால பார்த்தாராம்.”

சொல்லிவிட்டு சுஜீதா நிம்மதியாகப் போய்விட்டாள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. இலங்கையில் சண்டை வடக்கில்தான். ஆனாலும் தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், அடையாள அட்டை இல்லாமல் கடைத்தெருவுக்குப் போகிறவன் வீட்டில் சொல்லிக்கொண்டு போவது நல்லது என்றிருந்த காலம். அந்த நேரத்தில் மலைமேல் ஒரு தமிழன் வீட்டு லைட்டு ராத்திரியில் விட்டு விட்டு எரிந்தால், பார்க்கிறவன் அதைக் கார்த்திகை விளக்கு என்றா நினைப்பான்?

லைட்டைப் போட்டு அணைப்பது ஐயாவு இல்லை, அவன் மகன் பிரதீபன். ஏழு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஓட்டிசம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தூக்கமும் வராது. கோயிலில் நூல் கட்டினார்கள், அவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டான். ஜாதிக்காயை அரைத்துப் பாலில் கொடுத்தார்கள், குடித்துவிட்டு விடியும்வரை கட்டிலில் குதித்தான்.

கடைசியில் கிளினிக் டொக்டர்தான் வழி சொன்னார். “படுக்கிறதுக்கு முன்ன தினமும் ஒரே மாதிரி ஒரு பழக்கம் வேணும். பிள்ளைக்குப் பிடிச்சதா இருக்கணும். பிறகு அதை மாத்தவே மாத்தாதீங்க.”

பிள்ளைக்குப் பிடித்தது சுவிட்சு. கட்டிலில் ஏறி ஜன்னலோரம் நின்று போடுவான், அணைப்பான், வெளியே இருட்டைப் பார்ப்பான், சிரிப்பான். கொஞ்ச நேரத்தில் தானாகப் படுத்துத் தூங்கிவிடுவான். ஐயாவுவின் மனைவி ஜெயம்மா ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். வீட்டுக்குத் தூக்கம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜீப்பு.

“பல்பைக் கழட்டிருவோம்” என்றான் ஐயாவு.

“டொக்டர் மாத்தக்கூடாதுன்னாரே.”

“டொக்டரா வந்து என்னைய வெளியில எடுப்பாரு?”

அன்று ராத்திரி பிரதீபன் சுவிட்சைப் போட்டான். எரியவில்லை. மறுபடி போட்டான். பிறகு அவன் போட்ட அலறலில் லயத்தின் அத்தனை காம்பராவிலும் லைட்டு எரிந்தது. ஒரு லைட்டை மறைக்கப் போய் மலையே திருவிழாவாகிவிட்டது. கீழே ஜீப்பு வெகுநேரம் நகராமல் நின்றது.

மறுநாள் ஐயாவு பல்பை மாட்டினான். ஜன்னலில் உரச் சாக்கை நாலு பக்கமும் ஆணி வைத்து அடித்தான். பிரதீபன் லைட்டைப் போட்டான், அணைத்தான், சாக்கைப் பார்த்தான். அதைப் பிறாண்டினான். பிறகு சுவரில் தலையை மோத ஆரம்பித்தான். ஜெயம்மா தன் உள்ளங்கையைச் சுவருக்கும் அவன் நெற்றிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு விடியவிடிய அழுதாள்.

காலையில் சுஜீதா மறுபடி வந்தாள். “ஜீப்பு நேத்து பெக்டரி கேட் வரைக்கும் ஏறி வந்திருச்சாம் அண்ணே. சாக்கு அடிச்சா என்ன அர்த்தம்? உள்ளுக்கு என்னமோ இருக்குன்னுதானே?”

“அப்ப கழட்டிரவா?”

“ஐயையோ, இப்ப கழட்டினா பயந்து கழட்டினீங்கன்னு தெரிஞ்சிருமே!”

ஐயாவு பயந்தது தனக்காக இல்லை. பேரைக் கேட்டால் பிரதீபன் சொல்லமாட்டான். நில் என்றால் நிற்கமாட்டான். தொட்டால் கத்திக்கொண்டு ஓடுவான். துவக்கு வைத்திருப்பவன் முன்னால் ஓடுகிற பிள்ளையை அதற்குமேல் நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

“கிளினிக்குக்குப் போனப்ப முக்தார் நானாவோட த்ரீவீல்ல தூங்கினானே” என்றாள் ஜெயம்மா. “அதுல ஏத்திச் சுத்தினா என்ன?”

அன்று ராத்திரி முக்தார் தன் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். பிள்ளைக்காக என்றதும் வாடகைகூடப் பேசவில்லை. ஆனால் ஐயாவு, “லைட்டு போடாம ஓட்டுங்க நானா” என்றதும் கையைத் தலையில் வைத்தார்.

“லைட்டு இல்லாம ஓடினா பொலிஸ் புடிக்கும் ஐயாவு.”

“போட்டா பார்த்திருவாங்களே.”

நிலா வெளிச்சத்தில், தேயிலைச் செடிகளை உரசிக்கொண்டு த்ரீவீலர் இறங்கியது. பிரதீபன் தூங்குகிற வழியாக இல்லை. இரண்டாவது வளைவில் எதிரே ஜீப்பு வந்து மூக்கோடு மூக்காக நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். தொப்பி இல்லை. இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் பொலிஸ் ஜெக்கெட். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. குடித்திருக்கிறார், இன்று கதை முடிந்தது என்று ஐயாவு முடிவு கட்டினான். மகனை மடியில் இறுக்கிக்கொண்டான்.

“மேல, லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிற வீடு யாரோடது?” சிங்களத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டார். சத்தம் போட்டிருந்தாலாவது இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஐயாவுவுக்கும் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. இன்று ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் பேசினான். “என் வீடு சேர். நான்தான் செஞ்சேன். புள்ளைக்கு ஒன்னும் தெரியாது.”

“பொய் சேர், நான்தான் செஞ்சேன்!” என்று ஜெயம்மா பாய்ந்தாள்.

“நான் செய்யல்ல சேர்” என்றார் முக்தார். “நான் ஹயர் வந்தவன்.”

இன்ஸ்பெக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “யார் செஞ்சா என்ன. ஏன் நிப்பாட்டினீங்க?”

அந்த நேரம் ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு டோர்ச் எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. அழுது வீங்கிய முகத்தோடு இருந்த பிரதீபன் அதைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான்.

ஜீப்பு ஓட்டி வந்த கான்ஸ்டபிள் நிலாம் ஜன்னலால் தலையை நீட்டித் தமிழில் சொன்னார்:

“பயப்படாதீங்க அண்ணே, அந்தச் சாக்கை மட்டும் கழட்டிருங்க, பின்னால இருக்கிறது நம்ம இன்ஸ்பெக்டர் மாத்தையாட மகள், அதுக்குப் பேச்சு வராது, தூங்க வைக்கத்தான் ராத்திரியில ஜீப்புல சுத்துறோம், உங்க வீட்டு லைட்டுக்குப் பதில் அடிச்சிட்டுத்தான் அது இப்ப தூங்கப் பழகியிருக்கு.”