கடலுக்கு ஓர் உள்ளூர் மாற்று

கோபத்தை முழுநேர உத்தியோகமாகவும் உத்தியோகத்தைப் பொழுதுபோக்காகவும் வைத்துக்கொண்டிருந்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தொழிற்சாலையில் சீனியர் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘கைக்கு சார்’.

ஹைதராபாத் இந்தியில் ‘கைக்கு’ என்றால் ‘எதற்கு’. உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தாலும் சரி, அவர் வீட்டு அம்மாளிடமிருந்து வந்தாலும் சரி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் முதலில் கேட்பது அந்த ஒரு சொல்தான். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்காக செகந்திராபாத் வந்த குடும்பம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் அவருக்குச் சண்டை போட வரும். வேறு எதுவும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

தொழிற்சாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மருமகன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். ஊருக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவில், ஓர் ஏரியை ஒட்டி இருந்த பொதுத்துறை நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே நிர்வாகப் பிரிவில் டைப் அடிக்கும் குமாஸ்தா. எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை.

ஒருமுறை மல்காஜ்கிரியில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தை நாற்பது அடி தள்ளி வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் தள்ளிப் போய் நின்றுகொண்டோம். கைக்கு சார் பழைய இடத்திலேயே நின்றார். பஸ் அவரைத் தாண்டிப் போகும். அவர் ஓடி வந்து ஏற மாட்டார். சைக்கிளை எடுத்து ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மிதித்து, எங்களுக்கு முன்னால் தொழிற்சாலை வாசலில் நின்று டிரைவரை முறைப்பார். இருபது நாள் இப்படியே நடந்தது. இருபத்தோராம் நாள் டிரைவருக்கு ஜுரம் வந்துவிட்டது. மாற்று டிரைவர் வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்.

கேன்டீனில் வடை சிறுத்துப்போனபோது அவர் வாயால் சண்டை போடவில்லை. வடையை வரைபடமாகவே வரைந்துவிட்டார். மேலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை, நடு ஓட்டையின் விட்டம், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எல்லாம் குறித்து, நம்பர் போட்டு, முத்திரை குத்திச் சுவரில் ஒட்டினார். மறுநாளிலிருந்து வடை அந்த அளவில்தான் வந்தது. நம்பரும் முத்திரையும் உள்ள ஒரு காகிதத்தை எதிர்த்துப் பேச எங்கள் தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது.

அவருடைய தினசரிச் சண்டை மட்டும் கேட்டில் நடக்கும். காவலுக்கு இருந்தவர் ஹவில்தார் பெருமாள். வடாற்காட்டுக்காரர். எல்லைச் சண்டையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்துவிட்டு, மரக்காலோடு எங்கள் கேட்டுக்கு வந்து சேர்ந்தவர். தினமும் சாயங்காலம் கைக்கு சாரின் டிபன் கேரியரைத் திறந்து பார்ப்பார். காலி சாம்பார்க் கிண்ணத்தில் எந்த நாட்டு ரகசியத்தைக் கடத்துகிறேன் என்று இவர் கத்துவார். திறந்து காட்டாமல் போனால் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்று அவர் கத்துவார். எங்களுக்கு அதைப் பார்த்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

ஜனவரியில் ஒருநாள் ஹவில்தார் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, போங்க சார் என்று கையைக் காட்டினார். கைக்கு சார் அப்படியே நின்றுவிட்டார். சோதனை போட்டாலும் கோபம் வருகிறவருக்கு, போடாவிட்டால் எவ்வளவு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

“கைக்கு? இன்னிக்கு நான் யோக்கியன் ஆயிட்டேனா?”

ஹவில்தார் கால்சட்டையைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். மரக்கால் நீளவாட்டில் பிளந்திருந்தது. செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். மே மாதம் மருத்துவச் சோதனை. கேட்டிலிருந்து ஸ்டோர்ஸ் வரை தடி இல்லாமல் நடந்து காட்ட வேண்டும். தவறினால் வேலை போய்விடும், குடியிருந்த ஒற்றை அறையும் போய்விடும். புனாவில் புதுக் கால் செய்து தருவார்கள். அதற்கான உதவி முன்னாள் படைவீரர் நலநிதியிலிருந்து வர வேண்டும். நலநிதி ஏன் வரவில்லை என்பது என் மேஜையில் இருந்த ஒரு ஃபைலில் இருந்தது.

அந்த ஃபைலைப் பற்றி எழுதினால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எங்கள் நிறுவனத்துக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் இன்னொரு யூனிட் இருந்தது. முந்தின வருஷம் அவர்கள் முன்னாள் படைவீரர்களுக்காக ஒரு பந்தயம் வைத்தார்கள். கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டும். பத்திரிகையில் படம் வந்தது. தலைமை அலுவலகம் குளிர்ந்துபோய், எல்லா யூனிட்டும் ‘அதே முறையில்’ மார்ச் முடிவதற்குள் நடத்த வேண்டும், நடத்தினால்தான் நலநிதி என்று சுற்றறிக்கை விட்டது. முதல் அயிட்டம் என்ன? கடலில் ஐந்நூறு மீட்டர்.

எங்கள் நிர்வாக அதிகாரி யோசித்துப் பார்த்து, இந்த ஊரில் கடல் கைவசம் இல்லை, விளக்கம் கோரப்படுகிறது என்று எழுதினார். அந்தக் கடிதத்தை அடித்தவன் நான்தான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: கடல் கைவசம் இல்லாததற்குக் காரணம் என்ன? இதுவரை எடுத்த நடவடிக்கைகள் என்ன?

எங்கள் நிதி அதிகாரி அதற்கும் மேலே போனார். கடல் இல்லை என்பதற்குத் தகுந்த அதிகாரியிடமிருந்து சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். கைக்கு சார் பந்தயத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டது அப்போதுதான். லீவு போட்டுவிட்டுத் தாசில்தார் ஆபீஸுக்குப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். என் தாலுகாவில் கடல் இல்லை என்று எழுதித் தருகிறேன், பக்கத்துத் தாலுகாவுக்கு நான் பொறுப்பில்லை என்றார். கைக்கு சார் நான்கு தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கி, நான்கு சான்றிதழோடு வந்தார். நிதி அதிகாரி அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அட்டெஸ்டேஷன் எங்கே என்று கேட்டார்.

மார்ச் பிறந்துவிட்டது. ஹவில்தாரின் காலில் செம்புக் கம்பி இன்னும் இரண்டு சுற்று ஏறியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை கைக்கு சார் என் மேஜைக்கு வந்து ஒரு ஃபாரத்தை வீசினார். அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஃபாரம் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சாமானுக்குப் பதிலாக உள்ளூரிலேயே ஒன்றைச் செய்துகொண்டால், அதற்கு அனுமதி கேட்கும் ஃபாரம். எத்தனை சாமானுக்கு மாற்றுக் கண்டுபிடித்தோம் என்று தலைமை அலுவலகம் வருஷா வருஷம் டில்லிக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அதனால் மற்ற ஃபைல்கள் தூங்கினாலும் இந்த ஃபாரம் மட்டும் பறக்கும்.

அதில் கைக்கு சாரின் அச்சடித்தது போன்ற கையெழுத்து. பொருளின் பெயர்: கடல். தற்போது கிடைக்குமிடம்: கரையோர யூனிட். உள்ளூர் மாற்று: ஏரி. வேறுபாடு: உப்பு இல்லை. அதனால் உபயோகத்துக்குப் பாதிப்பு: இல்லை. பின்னால் ஏரியின் வரைபடம். நம்பர், முத்திரை எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஏரியின் நடுவில் ‘கடல், உள்ளூர்’ என்று எழுதியிருந்தார்.

இதை டைப் அடித்தால் என் வேலை போய்விடும் என்றேன். அவர் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

“இதுவரைக்கும் அடிச்சதெல்லாம் ரொம்ப ஒழுங்கான காகிதமோ? கடல் கைவசம் இல்லைன்னு அடிச்சியே, அப்ப போகாத வேலை இப்ப கைக்கு போவும்?”

அடித்தேன். ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. கூடவே, இந்த முயற்சியை மற்ற யூனிட்டுகளும் பின்பற்றலாம் என்று ஒரு பாராட்டு. படித்துவிட்டு கைக்கு சார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தைக் கசக்கப் போய், நல்லவேளையாக நிறுத்திக்கொண்டார். இவன்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறான்கள், அந்த ஆள் அங்கே கால் இல்லாமல் நிற்கிறான் என்று மேஜையில் குத்தினார். என் இங்க் பாட்டில் கவிழ்ந்தது.

பந்தயம் மார்ச் கடைசி ஞாயிறு. நாற்பது பேரைப் பிடித்துச் சேர்த்திருந்தார். எனக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னதற்கு, ஏரிக்கும் அது தெரியாது, இறங்கு என்றார். கோடையில் ஏரி இடுப்பளவுக்கு வற்றியிருந்தது. காலை ஏழு மணிக்கு நாற்பது பேரும் பனியன் அரைக்கால் சட்டையோடு தண்ணீரில் நின்றோம். எங்களுக்குப் பக்கத்தில் எட்டு எருமைகள் முறையாகப் பெயர் கொடுக்காமலே கலந்துகொண்டன. தலைமை தாங்க வேண்டிய ஜெனரல் மேனேஜர் வரவில்லை. அவர் கொடி அசைக்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்று நிர்வாக அதிகாரி கரையில் நின்று காவல் காத்தார்.

எட்டு ஆனது. எட்டரை ஆனது. எருமைகள் அலுத்துப்போய்க் கரையேறிவிட்டன. நாங்கள் நின்றோம். கரையில் பன்னிரண்டு முன்னாள் படைவீரர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஹவில்தார், கம்பி சுற்றிய காலோடு. அவர்களுக்காகத்தான் பந்தயம். மேடையில் பதினாறு நாற்காலி இருந்தது. பதினைந்தில் அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்மணிகளும் உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீரில் நின்ற எங்களுக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஜெனரல் மேனேஜர் வந்தார். பதினாறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து மைக்கைப் பிடித்தார். நாட்டுக்காக உடலைக் கொடுத்தவர்களின் தியாகம் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். ஹவில்தார் ஒருமுறை தள்ளாடிப் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்தார்.

கரையில் நின்றிருந்த கைக்கு சார் மேடையில் ஏறினார். அவசரமே இல்லை. ஜெனரல் மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்த அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, ஹவில்தாருக்குப் பின்னால் போட்டு, அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பிறகு நிமிர்ந்து, மைக் இல்லாமலே ஏரியின் அக்கரைக்குக் கேட்கும்படி சொன்னார்:

“இப்ப பேசுங்க சார். தியாகம் உக்காந்து கேக்கட்டும்.”

ஜெனரல் மேனேஜர் பேச்சை முடித்துக்கொண்டு திரும்பினார். உட்கார இடம் இல்லை. பதினைந்து பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். எந்த நாற்காலியில் உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றபடியே கொடியை அசைத்தார். நாங்கள் ஏரியில் நடந்தோம். கையை மட்டும் நீந்துவது போல வீசினோம். அப்புறம் சைக்கிள் மிதித்தோம், ஓடினோம். வெல்டிங் பிரிவுப் பையன் ஒருவன் ஜெயித்தான். நான் முப்பத்தொன்பதாவதாக வந்தேன். நாற்பதாவது ஆளுக்குச் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது.

பந்தயம் நடந்ததாக அறிக்கை போயிற்று. நலநிதி வந்தது. ஹவில்தார் புனாவுக்குப் போய் அளவு கொடுத்து, புதுக் காலோடு வந்தார். மே மாதம் கேட்டிலிருந்து ஸ்டோர்ஸ் வரை நடந்தார். திரும்பியும் நடந்தார். யாரும் கேட்காமலே இன்னொரு முறை போய் வந்தார்.

ஜூன் முதல் வாரம் கைக்கு சாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கரையோர யூனிட்டுக்கு. ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. வீட்டு அம்மாள் செகந்திராபாத்தில் பள்ளிக்கூட டீச்சர், வர முடியாது. கடலில் அவருக்கு ஆர்வம் இருப்பது தெரிகிறது என்று நிர்வாக அதிகாரி சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. உத்தரவை டைப் அடித்தது மட்டும் நான்தான்.

ஆட்சேபித்து ஒரு மனு சுற்றுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களை நிர்வாக அதிகாரி குறித்துக்கொள்கிறார் என்று செய்தியும் கூடவே சுற்றியது. டிராயிங் ஆபீஸ், ஸ்டோர்ஸ், கேன்டீன் எல்லா இடத்துக்கும் போன மனு என் மேஜைக்கு வரவில்லை. வரட்டும், போடலாம் என்று காத்திருந்ததாக வீட்டில் சொன்னேன். உள்ளே, வராமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. மனுவைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.

செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். ஹவில்தாரும் வந்திருந்தார். கைக்கு சாரின் படுக்கை மூட்டையைப் போர்ட்டருக்குக் கொடுக்காமல் தன் தோளில் போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் புதுக் காலில் நடந்தார். கைக்கு சார் வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனார்.

“மெதுவா நடய்யா. அது கம்பெனி கால். உடைச்சின்னா அடுத்ததுக்கு நான் மறுபடி கடல் தேடணும்.”

“தேடிக்க வாணாம் சார். நீ போற எடத்துல ரொம்ப கெடக்குதாம்” என்றார் ஹவில்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு கைக்கு சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஆர்டர் நீ அடிச்சதுதானே?”

“ஆமா சார்.”

“ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. ஒண்ணு இருந்திருந்தா அதை வச்சே திருப்பி அனுப்பியிருப்பேன். கைக்கு அவ்வளவு நல்லா அடிச்ச?”

மனுவில் நான் கையெழுத்து, என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டினார்.

“உன் டேபிளுக்கு வந்துச்சா அது? வந்திருக்காது. நான்தான் உன்கிட்ட மட்டும் நீட்ட நக்கோ, வேணாம்னு அவங்ககிட்ட சொல்லி வச்சேன். ரெண்டு பொண்ணு வச்சிருக்க. போட்டுட்டுப் பயந்துகிட்டே கெடப்ப. போ, பஸ்ஸைப் புடி.”

அவர் அவ்வளவு தணிந்து பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. வண்டி நகர்ந்தது. அவர் மேல் எனக்கு எத்தனையோ முறை கோபம் வந்திருக்கிறது, ஏரியில் இறக்கிவிட்டது உட்பட. எல்லாம் ஆறிவிட்டன. என்னைக் கேட்காமல் என் கையெழுத்தை வேண்டாம் என்று சொன்னாரே, அது ஒன்று மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.